இறங்காத படகுகளின் க்யூரேட்டர்

“உனக்கு இந்த ஊர் தெரியும், அது சரி. கண் இருக்கான்னுதான் எனக்குத் தெரியல.”

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் காபி குடித்துக்கொண்டே அந்த அம்மாள் என்னிடம் இப்படிச் சொன்னார். சென்னையில் பிறந்தவர், வெகுகாலமாக ஐரோப்பாவில் இருப்பவர். பல நாடுகளில் நவீன கலைக் கண்காட்சிகளை அமைக்கும் க்யூரேட்டர். அவருடைய அடுத்த கண்காட்சி எங்கள் கரையில். அதற்கு உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். என் சான்றிதழ்களைக் கோப்பில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. அந்தக் கோப்பின்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

கண் என்று அவர் சொன்னது பார்வையை அல்ல. நூறு படைப்புகளில் எதை எடுப்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, பார்க்க வருகிறவரை முதலில் எங்கே நிறுத்துவது, சுவரில் என்ன எழுதுவது, என்ன எழுதாமல் விடுவது. க்யூரேட்டரின் வேலை இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யத் தெரிந்தவர் உள்ள அறைக்கும் தெரியாதவர் உள்ள அறைக்கும் நுழைந்தவுடனேயே வித்தியாசம் தெரியும். அவருக்குத் தெரியும், அதை நான் மறுக்கவே மாட்டேன். முதுகலை படிக்கும்போது அவர் பேசிய வீடியோக்களைக் கல்லூரிக் கணினியில் திரும்பத் திரும்பப் பார்த்தவள் நான். இவரைப் போல் ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

என் ஊர் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு குப்பம். நைனாவுக்கு ஒரு ஃபைபர் போட்டில் பங்கு உண்டு. அம்மா திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்கிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பிறகு செங்கல்பட்டில் பி.ஏ. வரலாறு, சென்னையில் கலை வரலாற்றில் எம்.ஏ. இதை யாரும் பாவம் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வேலை கிடைத்ததும் வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“படம் மாட்டப் போறியா? அதுக்கா இத்தினி படிப்பு? ஆணி அடிக்க ஆளு கிடைக்கலையா அவங்களுக்கு?”

அம்மாவோடு மீன் விற்கப் போகும் சின்னம்மா ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். சொந்தம் இல்லை, கூப்பிடுவது சின்னம்மா என்று. அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆணி எவனோ அடிப்பான்டி. எந்தச் செவுத்துல எவன் படம்னு இவ சொல்லுவா. இன்னா ஆபீசரே, அப்படித்தானே?”

“அப்படித்தான் சின்னம்மா.”

“அப்ப என் படத்தையும் ஒண்ணு மாட்டு. நல்ல வெளிச்சமா பாத்து மாட்டு. ராமேஸ்வரத்துல கீற என் பொண்ணு பாத்தா பயப்படக் கூடாது.”

என் வேலை என்னவென்று எங்கள் தெருவில் முதலில் புரிந்துகொண்டது அவள்தான்.

கண்காட்சி நடந்த இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பழைய கிடங்கு. வெவ்வேறு நாடுகளிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். மேடம் என்றுதான் நான் அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். வேலை சொல்லும்போது அவர் தமிழில் பேசுவார். யோசிக்கும்போது ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். டீ வாங்கி வரச் சொல்வது தமிழ், ஒரு படைப்பு ஏன் முக்கியம் என்பது ஆங்கிலம். முதல் சில நாட்கள் எனக்குத் தமிழ் மட்டுமே கிடைத்தது.

அது மாறியது கண்ணாடிகளால்தான். கலைஞர்களில் ஒரு பெண், வேறொரு நாட்டின் கடற்கரையில் பிறந்தவள், எங்கள் ஊர்ப் படகுகளின் முகப்பில் பெரிய கண்ணாடிகளைப் பொருத்தி, கரையைப் பார்த்தபடி வரிசையாகக் கடலில் நிறுத்த நினைத்திருந்தாள். சூரிய ஒளி கண்ணாடிகளில் பட்டுக் கரையில் நிற்பவர்கள்மேல் விழ வேண்டும். திறப்பு விழா அன்று விடியற்காலையில் நடத்துவதாக வரைபடம் போட்டிருந்தார்கள். காலையில் சூரியன் கடல் பக்கத்திலிருந்து வரும், கண்ணாடியின் முதுகில்தான் படும், சாயங்காலம் கரைப் பக்கத்திலிருந்து அடிக்கும் வெயிலைத்தான் அது திருப்பி அனுப்பும் என்று சொன்னேன். கூடவே, வந்தவர்களை ரிசார்ட் மாடியில் உட்கார வைக்காமல் மணலில் நிற்க வைக்க வேண்டும், வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுந்து கண் கூச வேண்டும், பார்க்க வந்தவர்களைப் படகுகள் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். கலைஞர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், இணை க்யூரேட்டராக என் பெயரைப் போடலாம் என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் செய்தேன். சம்பளம் எனக்கு எங்கேயும் கிடைக்கும். சுவரில் க்யூரேட்டர் என்ற சொல்லுக்குக் கீழே பெயர் வந்தால்தான் அடுத்த கண்காட்சியின் கதவு திறக்கும். அந்தத் தொழிலில் வேறு சான்றிதழ் கிடையாது.

படகுகளுக்கு ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதல் வேண்டும். எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசுவதில்லை. நின்றுகொண்டே பேசினேன். அதிலும் எனக்குக் கோபம்தான். அதைப் பிறகு சொல்கிறேன். தலைவர் எனக்குப் பெரியப்பா முறை.

“கண்ணாடி கட்டிக்கினு சும்மா நிக்கணும், அவ்ளோதானே?”

“அவ்ளோதான் பெரிப்பா.”

“மீனு பயந்து ஓடாது?”

“மச்சான், மீனு அதுல மூஞ்சி பாத்துக்கினு நிக்கும், நீ வல போடு,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் தலைவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். “ஊருல சாவு கீவு வுழுந்துச்சின்னா போட்டு இறங்காது. அடக்கம் முடிஞ்சாத்தான். அத உங்க மேடங்கிட்ட சொல்லிடு.”

சொன்னேன். ஊரில் ஓர் உடல் கிடக்கும்போது எங்கள் படகுகள் அலையில் இறங்காது, யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி என்று விளக்கியும் சொன்னேன். “அஃப் கோர்ஸ், அஃப் கோர்ஸ்,” என்றார். ரொம்ப அழகான வழக்கம் என்றும் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கிடங்குச் சுவரில் கறுப்பு ஸ்டிக்கர் எழுத்துகளை ஒட்டினார்கள். மேலே மேடத்தின் பெயர். கீழே, இணை க்யூரேட்டர் என்று போட்டு என் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உடனே கூப்பிட்டாள்.

“இதுல எதுடி உன் பேரு?”

“ரெண்டாவது வரி.”

“மேல இன்னாத்துக்கு அவ பேரு?”

“அவங்கதான் பெரியவங்க.”

“ம்ம். இருக்கட்டும், இருக்கட்டும்.”

சின்னம்மாவிடமும் காட்டியதாகச் சொன்னாள். சின்னம்மா எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாளாம்.

மறுநாள் காலை சின்னம்மா செத்துப்போனாள். மார்க்கெட்டுக்குப் போகக் கூடையை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டு வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ராமேஸ்வரத்திலிருந்து மகள் கிளம்பிவிட்டாள், ஆனால் வந்து சேர ராத்திரி ஆகும், அடக்கம் மறுநாள்தான் என்றார்கள்.

மேடத்துக்குப் போன் செய்தேன். சாவையும், அன்று படகு இறங்காது என்பதையும் சொன்னேன். அவர் தமிழில் ஆரம்பித்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அவங்க மீன் பிடிக்கப் போகலையே, சும்மா நிக்கத்தானே போறாங்க?”

“இறங்க மாட்டாங்க மேடம்.”

“அந்த அம்மாவுக்கே இந்த வொர்க்கை டெடிகேட் பண்ணிடலாம். அவங்க பேரைச் சொல்லி. குடும்பத்துக்கும் ஒரு கௌரவம்.”

அதுவும் நடக்காது என்றேன்.

“சரி, அப்போ அடக்கத்தை மத்தியானத்துக்குள்ள முடிச்சிட முடியுமா? நீ போய்க் கேட்டுப் பாரேன். உன் மேல மரியாதை வெச்சிருக்காங்க இல்ல?”

ஒரு மகள் பஸ்ஸில் அழுதுகொண்டு வருகிறாள். அவள் வருவதற்குள் அவளுடைய அம்மாவைப் புதைத்துவிட வேண்டும். சாயங்கால வெயில் காத்திருக்காது. அதைப் போய்க் கேட்க வேண்டியது நான். என் படிப்பு, என் ஆங்கிலம், ஊரில் எனக்கு இருக்கும் நல்ல பெயர் எல்லாவற்றையும் சேர்த்து இந்த ஒரு காரியத்துக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்ததுபோல் அவர் கேட்டார்.

படித்து வாங்கிய தமிழ் எல்லாம் என் வாயிலிருந்து போய்விட்டது. சாமியானாவுக்குப் பின்னால் நின்று போனில் கத்தினேன்.

“பொணம் கிடக்கிற ஊருல போட்டு இறங்காதுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா? போயி எவங்கிட்டயும் கேக்க மாட்டேன். உங்க ஆளுங்களுக்குப் பாக்க இன்னாவாது வோணும்னா, இட்டுக்கினு வந்து இறங்காத போட்டைக் காட்டுங்க!”

பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். “இன்ட்ரஸ்டிங்.” போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் இரண்டு வேன்கள் எங்கள் கரைக்கு வந்தன. கதர் போட்ட வெள்ளைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள் போலப் பேசும் நம்மவர்கள், கழுத்தில் கேமரா தொங்கவிட்ட பத்திரிகைக்காரர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார்கள். கரைமேல் ஏற்றி நிறுத்தியிருந்த படகுகளின் முன்னால் மேடம் நின்று ஆங்கிலத்தில் பேசினார். இது மறுப்பின் காட்சி என்றார். நகராத படகுதான் இன்றைய படைப்பு என்றார். கண்ணாடிகளைச் செய்த கலைஞர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் வேனை விட்டு இறங்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. என் சித்தப்பா முறை ஒருவர் என்னிடம் வந்தார்.

“இன்னாத்தம்மா பாக்குறாங்க?”

“போட்டை.”

“தோ, தினம் கிடக்குது. இன்னிக்கு இன்னா புதுசா?”

“போவாத போட்டாம்.”

“அட அண்ணாத்த, கேட்டியா? என் போட்டு ரெண்டு மாசம் எஞ்சின் ரிப்பேரா கிடந்துச்சே, அப்ப எவனும் வரலையே!”

துக்க வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு கேமராக்காரன் படகை விட்டுத் திரும்பி, சாமியானாவை நோக்கி லென்ஸை உயர்த்தினான். நான் ஓடிப் போய் லென்ஸின்மேல் கையை வைத்து மூடினேன். அவன் பதறி, யார் நீ என்று கேட்டான். இந்தக் கண்காட்சியின் க்யூரேட்டர் என்றேன். நம்பாமல் மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். மேடம் வேறு பக்கம் பார்த்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிடங்குக்குப் போனேன். சுவரில் இரண்டாவது வரி இல்லை. பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்திருந்தார்கள். எழுத்துகள் இருந்த இடத்தில் பெயின்ட் கொஞ்சம் பளபளத்தது, சாய்ந்து பார்த்தால் என் பெயரின் வடிவம் தெரிந்தது. கீழே, நன்றி என்ற தலைப்பில், உள்ளூர் ஒருங்கிணைப்பு என்று சிறிய எழுத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். டிரைவருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் நடுவில். அவர்களோடு இருப்பதில் எனக்கு அவமானம் இல்லை. அவர்கள் செய்த வேலை அவர்கள் பெயரில் இருந்தது. என் வேலை என் பெயரில் இல்லை.

மேடத்திடம் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

“அன்னிக்கு நீ வேலைக்கு வரலையேம்மா.”

“நான் சாவு வீட்டுல இருந்தேன்.”

“அதைத்தான் சொல்றேன். அன்னிக்கு நீ ஊர்ப்பொண்ணா இருந்தே, க்யூரேட்டரா இல்ல. ஒரே நேரத்துல ரெண்டுமா இருக்க முடியாது. இந்தத் தொழில்ல கொஞ்சம் தள்ளி நிக்கத் தெரியணும்.”

“இறங்காத படகைக் காட்டலாம்னு சொன்னது நான்.”

“நீ கோவத்துல சொன்னே. அதுல ஒரு ஐடியா இருக்குன்னு பார்த்தது நான். ஆரம்பத்துலயே சொன்னேனே, அதுக்குத்தான் கண் வேணும்.”

தள்ளி நிற்பது என்றால் என்ன என்று அன்று எனக்குப் புரிந்தது. வேறொருத்தியின் துக்கத்திலிருந்து தள்ளி நிற்பவருக்கு அது படைப்பு. தள்ளி நிற்க முடியாதவளுக்கு நன்றி அறிவிப்பில் ஒரு வரி. நான் அப்போதே கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது ஒன்று சொன்னேன். அதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இது நான் கோபத்தில் சொன்னதல்ல, யோசித்துச் சொன்னது. “அந்தப் படகுகளை நீங்க நிறுத்தல மேடம். ஊர் நிறுத்துச்சு. நீங்க ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க, அவ்வளவுதான்.”

சில மாதங்கள் கழித்து ஒரு வெளிநாட்டுக் கலைப் பத்திரிகையில் எங்கள் கரையின் படம் வந்தது. துணிச்சலான முடிவு என்று பாராட்டியிருந்தார்கள். ஓர் இணையவழி உரையாடலில், எப்படி அந்த யோசனை வந்தது என்று மேடத்திடம் கேட்டார்கள். “படகுகளை நிறுத்திவிடலாம் என்று அன்று காலை முடிவு செய்தேன்,” என்றார். அதற்குப் பிறகு ஒரு பெரிய பன்னாட்டுக் கண்காட்சியை அவர் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள். அந்த உரையாடலின் வீடியோவைக் கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர் அறையில் பார்த்தேன். அங்கேதான் இப்போது ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன்.

ஊரில் யாருக்கும் இதில் கோபம் இல்லை. “வுடு, அந்தம்மா இன்னாவோ சொல்லிக்கினு போவட்டும். நம்ம போட்டு நம்மகிட்டதானே கீது,” என்றார் நைனா. எனக்கு அதுவும் கோபம். படகு நம்மிடம்தான் இருக்கிறது. ஆனால் அன்று அது ஏன் கரையில் நின்றது என்று உலகம் கேட்டால் பதில் சொல்கிறவர் வேறொருவர். இன்னொன்றும் உண்டு. நான் க்யூரேட்டராக இருக்க முடியாது என்று மேடம் சொன்னார். நான் பஞ்சாயத்தில் உட்கார முடியாது என்று ஊர் சொல்கிறது. இரண்டு இடத்திலும் என் உழைப்பு வேண்டும், நாற்காலி மட்டும் கிடையாது. இரண்டையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்.

அதனால் போன மாசிக்குப் பிறகு பஞ்சாயத்துக்குப் போனேன். கரையில் உள்ள மீன் ஏலக்கூடத்தைச் சில நாட்களுக்குக் கண்காட்சி நடத்தக் கேட்டேன். ஏலம் காலையிலேயே முடிந்துவிடும், மற்ற நேரத்தில் இடம் காலிதான். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இன்னாம்மா, கால் வலியா?” என்றார் பெரியப்பா.

“இல்ல பெரிப்பா. பேச நெறைய கீது.”

ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் இருந்தார்கள். கண்காட்சியில் யாருடைய படைப்புகள், யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கோவளத்தில் வலைக் கயிற்றில் உருவங்கள் முடையும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். கண்ணாடிக் கலைஞரின் பெயரைச் சொன்னேன். அன்று வேனை விட்டு இறங்காத அதே பெண்தான். நானே அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தேன், புதிய படைப்பு ஒன்றை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். பொறுப்பு நான் என்றேன். நாள் குறித்துக் கொடுத்தார்கள். மேடம் வருவாரா என்று ஒருவர் கேட்டார். வந்தால் பார்க்கலாம், பார்க்க வருகிறவர்கள் யாரையும் நான் தடுக்கப் போவதில்லை என்றேன்.

இன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுச் சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்குப் போய்வந்தேன். கண்ணாடிக் கலைஞர் அனுப்பிய மரப்பெட்டி வந்து சேர்ந்திருந்தது. அங்கேயே திறந்து, கீறல் இருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பெற்றுக்கொள்பவர் யார், என்ன பொறுப்பு என்று கேட்டார்கள். க்யூரேட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அதிகாரி அந்தச் சொல்லை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார். பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேளம்பாக்கம் தாண்டிவிட்டோம்.